நெளிநெளியாய்க் கடிக்கும் எலி

"எலிதான்" என்றார் பல் டாக்டர்.

"எலியேதான்" என்றாள் அவள்.

"வேற எதுவும் இருக்காது, இல்ல?"

"வேற என்ன இருக்கும் டாக்டர்? இந்த வருஷம் எங்க பார்த்தாலும் எலிதான்."

"ஆமாமா. எங்க தெருவுலயும் ஜாஸ்தி."

"மெத்தைன்னா அதுங்களுக்கு உயிரு. கூடு கட்டப் பிச்சு எடுத்துட்டுப் போகுதுங்க."

"பாவம், வயித்துப் பிள்ளைக்கார எலியா இருக்கும்."

"இருக்கும் டாக்டர், இருக்கும்."

அந்த வாரம் முழுக்க, பழைய பசையைச் சுரண்டும்போதெல்லாம் அவளுக்கு இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. வந்தபோதெல்லாம் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். டாக்டருடைய காரின் பானெட் மெத்தையைக் கடித்தது எலி இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எந்த ஊர் எலியும் அளவெடுத்தது மாதிரி நெளிநெளியாகக் கடிக்காது. அது ஜிக்ஜாக் கத்தரியின் வேலை. துணியின் ஓரம் பிரியாமல் இருக்கத் தையல்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கத்தரி. டாக்டருடைய அக்கா ஒரு தையல்காரர், பெண்களுக்குத் துணி தைப்பவர். அக்காவின் கத்தரியை யாருக்கும் தெரியாமல் எடுத்து, தன் வண்டியின் மெத்தையைத் தானே வெட்டிக்கொண்டு, "எலி" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு வந்து நிற்கிற மனிதரை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரிப்பு மட்டுமா வரும்?

ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடை. முன்பக்கம் அவளுடைய அண்ணனுடையது: என்ஜின், கிரீஸ், வசவு. பின்பக்கம் அவளுடையது: தையல் மெஷின், வெட்டும் மேஜை, சுவரோரம் நிறுத்திவைத்த ரெக்சின் சுருள்கள், மூலையில் கூரையைத் தொடும் நுரைத் தகடுகள். பழைய கார்கள் மட்டும்தான் இங்கே வரும். சீட், கூரைத் துணி, கதவு உறை என்று அந்தக் கார்களுக்குள் மெத்தென்று எது இருந்தாலும் அது அவள் கைக்கு வந்துவிடும். அதனால் வாடிக்கையாளர்கள் அவளை 'மெத்தை மேடம்' என்பார்கள். அண்ணன் வெறும் 'மெத்தை' என்பான், அதையும் தெருக்கோடி வரை கேட்கும்படி.

அவள் செய்கிற வேலைகளில் யார் கண்ணிலும் படாத வேலை பானெட் மெத்தைதான். பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புப் போர்வை அது. என்ஜின் சத்தத்தை அமுக்கும். சூடு மேலேறிப் பெயிண்ட் வெளுத்துப் போகாமல் காக்கும். வண்டிக்கு வயதாக ஆக அது மக்கி, கருகிய தூளாக உதிர ஆரம்பிக்கும்.

டாக்டர் முதல் தடவை வந்தது அப்படித்தான். இளம்பச்சைக் கார், தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு விளக்கு. வண்டியைவிட அவர்தான் பரிதாபமாக இருந்தார். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைக் கோட்டு முழுக்கக் கறுப்புப் பொடி.

"என்ன ஆச்சு?"

"பானெட்டைத் திறந்தேன். தும்மிடுச்சு."

"யாரு?"

"வண்டி."

அவள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. வண்டி உண்மையிலேயே தும்மியதாகத்தான் அவர் நம்பினார் போலிருந்தது. அது இன்னும் பிடித்திருந்தது அவளுக்கு.

பழைய மெத்தையை உரித்து, காய்ந்த பசையைத் தகரம் கீறாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்தாள். பிறகு என்ஜினில் உயரமாக நீட்டிக்கொண்டிருந்த இடங்களில் சின்னச் சின்னக் களிமண் உருண்டைகளை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தாள். உருண்டைகள் நசுங்கி வில்லைகளாகக் கிடந்தன. அவற்றின் தடிமனை ஒவ்வொன்றாக அளந்தாள்.

"இது எதுக்கு?" டாக்டர் குனிந்து பார்த்தார்.

"மேல எவ்வளவு இடம் இருக்குன்னு தெரியணும்ல. மெத்தை அதைவிடத் தடியா போச்சுன்னா மூடி மூடாது."

"நாங்களும் இதேதான் பண்றோம்! பல்லுக்கு நடுவுல மெழுகு வெச்சுக் கடிக்கச் சொல்லுவோம். பல்லு எவ்வளவு உசரம் கட்டணும்னு பார்க்க."

சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் களிமண்ணை மறுபடி ஒரு தடவை அளந்தாள். தேவையில்லைதான்.

மெத்தையிலும் தகரத்திலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவில் ஆரம்பித்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போனாள். கடைசியில் சுற்றிலும் கிளிப் மாட்ட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கிளிப்புகளை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். அப்போதுதான் அதிசயம் நடந்தது. அவள் வாய் அடைத்ததும் டாக்டர் வாய் திறந்தது.

அக்காவும் அவரும் ஒரே வீட்டில் இருப்பது, விடிந்தும் விடியாமலும் அக்காவின் தையல் மெஷின் சத்தத்தில்தான் எழுவது, பொம்மைக் கார் கேட்டு அழுத வயதில் கடையில் பார்த்த இளம்பச்சை நிறம், பல் பிடுங்கப் பயந்து நாற்காலியோடு நகர்ந்துபோன போலீஸ்காரர் என்று மடை திறந்த மாதிரி பேசினார். நடுநடுவே "இல்லையா?" என்று கேட்பார். அவள் கிளிப்புகளுக்கு இடையிலிருந்து "ம்ம்" என்பாள். அது போதும் அவருக்கு. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் பேசியே பழகியவர் அல்லவா. கடைசிக் கிளிப் அவள் உதட்டை விட்டுப் போன நொடியில் நாக்கு மரத்துப்போனவர் மாதிரி, "சரி, நான் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

அவள் வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் இத்தனை நேரம் அவளிடம் பேசியதில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் அவள் நகக்கண்ணில் படிந்திருந்த பசையைத்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலை வேண்டாமே" என்று நாசூக்காகச் சொன்னவர்களும் உண்டு. அவள் அவர்களையே வேண்டாமென்று நாசூக்காகச் சொல்லி அனுப்பினாள். டாக்டரும் அந்த நகங்களைப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தார். "பல் சிமெண்டைக் கரைக்கிற எண்ணெய். இதுக்கும் போகும். ஆரஞ்சு வாசனை வரும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ திருடிக் கொடுப்பவர் மாதிரி மேஜை ஓரத்தில் வைத்தார்.

அந்த அடுத்த முறைதான் முதல் 'எலி'. ஒட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மெத்தையின் ஒரு மூலை காணாமல் போயிருந்தது. அதை மாற்றினாள். பிறகு இன்னொரு மூலை போனது. நடுவில் ஒரு துண்டு போனது. ஒவ்வொரு தடவையும் "எலிதான்" என்று அவரும் "எலியேதான்" என்று அவளும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டார்கள். பத்துக் கிளிப் போதுமான இடத்தில் அவள் இருபது மாட்ட ஆரம்பித்தாள்.

ஒருமுறை குறும்பு தாங்கவில்லை. கறுப்பு மெத்தையில் கறுப்பு நூலால், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி ஒரு பூனையைத் தைத்துவிட்டாள். வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனை.

"எலி வராம இருக்கவா?" என்று கேட்டார் டாக்டர், காது சிவக்க.

"ம்ம்" என்றாள் அவள். வாயில் கிளிப்.

எலி வந்தது. ஆனால் பூனையைத் தொடவில்லை. பூனையைச் சுற்றி அழகாக வளைத்துக்கொண்டு போய் வெட்டியிருந்தது. அவள் தைத்ததை வெட்ட மனசு வராத ஒரு மனிதர்! அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலை எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டிவிட்டாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மனுஷன்தான் வெட்டிக்கிட்டு வர்றார்ங்கிற" என்றாள் அண்ணி, ஒரு போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

"பின்ன? எலியா கத்தரி பிடிக்கும்?"

"சரி, அவருக்குத்தான் வாய் வரல. நீயே கேட்டுட்டா என்ன? 'என்னைக் கட்டிக்கிறீங்களா'ன்னு. நாலு வார்த்தைகூட இல்ல."

"நான் கேக்க மாட்டேன் அண்ணி. வெட்டத் தெரிஞ்சவருக்குக் கேக்கத் தெரியாதா?"

அண்ணிக்கு என்னவோ இருமல் வந்தது.

அவள் வீம்பு பேசினாளே தவிர, அந்த வார்த்தைகள் எத்தனையோ நாளாக அவள் நாக்கு நுனியில்தான் இருந்தன. பசை காய்கிற நேரத்தில், நூல் கோர்க்கிற நேரத்தில், வண்டி வருகிற சத்தம் கேட்கிற நேரத்தில் அவை முன்னால் வந்து நிற்கும். கேட்டு, "ஐயையோ, நான் வண்டிக்காகத்தாங்க வந்தேன்" என்று அவர் சொல்லிவிட்டால்? மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? அந்த நெளிநெளி வெட்டுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். அவர் வெட்டுகிறார், அதனால் அவருக்கும் ஆசை இருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் கேட்டுவிடுவார். அதுவரை மெத்தை ஒட்டிக்கொண்டே இருக்கலாம்.

டாக்டரின் கணக்கு வேறு.

கிளினிக்கில் அவர் தினமும் பார்ப்பது பல். மெத்தையின் ஓரத்தை முதல் தடவை பார்த்ததுமே இது எந்தப் பிராணியின் பல்லும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது, வெட்டும் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கிய கத்தரியைப் பார்த்தார். அதன் அலகு நெளிநெளியாக இருந்தது. அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஜிவ்வென்றது. மெத்தை மேடம் தானே ஒட்டி, தானே வெட்டி அனுப்புகிறாள்! மறுபடி தன்னை வரவழைக்க! எப்போது வெட்டினாள், ஒட்டிய அன்றைக்கு முழுசாக இருந்தது எப்படிப் பிறகு குறைந்தது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. ஆசைப்பட்டவனுக்குக் கத்தரியைப் பார்த்ததே போதும். அவளைச் சங்கடப்படுத்தக்கூடாதே என்றுதான் அவராகவே முந்திக்கொண்டு "எலிதான்" என்றார்.

இப்படி ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் போயிருப்பார்கள். அண்ணன் குறுக்கே வந்தான்.

"ஏ மெத்தை! இங்க வா. நம்ம பட்டறைல ஒட்டின மெத்தை மாசாமாசம் பிய்யுதுன்னா வெளில என்ன பேசுவாங்க?"

"எலி அண்ணா."

"எலிக்கு வேற வண்டியே கிடைக்கலியா? என் வண்டிய ஏன் கடிக்கல?"

"உன் வண்டிக்குள்ள எலி போனா மயக்கம் போட்டுடும்."

"வாய் மட்டும் குறைச்சலில்ல. சனிக்கிழமை அவரை வரச் சொல்லு. மெத்தையே வேண்டாம். மொத்தமா உரிச்சுட்டுத் தகரத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சு அனுப்பு. எத்தனையோ பழைய வண்டி பொறந்ததுலருந்தே மெத்தை இல்லாமத்தான் ஓடுது. இதோட இந்த வியாதி முடியட்டும்."

என்னவென்று சொல்வாள்? 'மெத்தை இல்லாவிட்டால் அவர் எதற்கு வருவார்' என்றா? போனில் சொன்னபோது டாக்டரும், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கிற நோயாளியின் குரலில்.

சனிக்கிழமை டாக்டரோடு அவர் அக்காவும் வந்தார். பை தைக்கக் கொஞ்சம் ரெக்சின் பார்க்க வேண்டுமாம். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடேயே இறங்கினார். அண்ணி ஓடிவந்து அவரைக் கைபிடித்து ரெக்சின் சுருள்கள் பக்கம் அழைத்துப் போனாள். அண்ணன் ஒரு வேனின் அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அவள் பானெட்டைத் திறந்து நிறுத்தினாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மாட்டும் வேலை இல்லை என்பதால் அவற்றை வாயில் வைக்கவில்லை, ஒரு தகர டப்பாவில் போட்டாள். ஒவ்வொன்றும் விழும்போது டங்கென்றது. மெத்தையை மேலிருந்து கீழாக உரித்தாள். நல்ல பசை, நன்றாகப் பிடித்திருந்தது. கையோடு வர மறுத்தது. தன் வேலையின் உறுதியை நினைத்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் பக்கத்தில் நின்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவள் வாய் காலியாக இருக்கும்போது முதல் தடவையாக, தானே பேசினார்.

"ஒண்ணு சொல்லணும்."

அவள் சுரண்டியை நிறுத்தினாள். "சொல்லுங்க டாக்டர்."

"இனிமே உங்களுக்கு அந்தச் சிரமம் இல்ல."

"எந்தச் சிரமம்?"

"எனக்கு மொதல்லயே தெரியும். எலி இல்லன்னு."

அவளுக்கு முகம் சூடேறியது. வந்துவிட்டது. ஒத்துக்கொள்ளப் போகிறார். "எனக்கும் தெரியும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியாம எப்படி இருக்கும்? நீங்கதானே…"

"நான்தானே?"

டாக்டர் ஆணியில் தொங்கிய கத்தரியைக் கண்ணால் காட்டினார். "நான் தப்பா எடுத்துக்கல. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நான் திரும்ப வரணும்னுதானே வெட்டி…"

"டாக்டர்!" அவள் நிமிர்ந்தாள். "நான் ஒட்டின மெத்தையை நானே வெட்டுவேனா? வெட்டினா இந்தக் கை விளங்குமா? வெட்டினது நீங்கதானே! உங்க அக்கா கத்தரிய எடுத்து!"

"நானா? என் வண்டியவா? இதுல ஒரு கீறல் விழுந்தாலே எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது!"

"அப்ப பூனைய விட்டுட்டு வெட்டினது?"

"அது நீங்க தைச்ச பூனை, அதான் உங்களுக்கே வெட்ட மனசு வரலன்னு நெனச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரெக்சின் சுருள்கள் பக்கம் இதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அக்காவும் அண்ணியும் ஒரே ரெக்சின் துண்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் அதைவிட முக்கியமான துணி கிடையாது என்கிற மாதிரி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா" என்றார் டாக்டர்.

"இது தைச்சா மெஷின் ஊசி உடையும் போலயே" என்றார் அக்கா.

"அக்கா!"

"ஆமாடா, நான்தான் வெட்டினேன். அதுக்கு இப்ப என்னங்கிற?" அக்கா ரெக்சினைக் கீழே போட்டார். "பல் வலின்னு யாராவது வந்தாத்தானே நீ ஆளோட பேசுவ! சும்மா ஒரு பொண்ணுகிட்டப் போய்ப் பேசுடான்னா பேசுவியா? அதான் உன் வண்டிக்கு வலி வர வெச்சேன்."

"ஜிக்ஜாக் கத்தரிலயா?"

"எலிப் பல்லு மாதிரி இருக்கட்டுமேன்னுதான்!"

டாக்டருக்கு வந்த ஆத்திரத்தில் வேறெல்லாம் மறந்துவிட்டது. "எலிக்கு முன்னாடி மேல ரெண்டு, கீழ ரெண்டு பல்லுதான்கா! உளி மாதிரி! ஒரு பல் டாக்டரோட கூடப் பொறந்துட்டு இதுகூடவா தெரியாது?"

"நான் என்ன எலி வாயத் தொறந்தா பார்த்தேன்? யோசனை சொன்னது இவங்க."

அண்ணி மெதுவாக நுரைத் தகடுகளின் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள். நாத்தனாரின் பார்வை அவளை அங்கேயே நிறுத்தியது.

"அண்ணி! நீங்களுமா?"

"யோசனை மட்டும்தான் என்னோடது" என்றாள் அண்ணி. "ரவிக்கை தைக்கக் குடுக்கப் போனேன். பேச்சு வாக்குல உன்னைப் பத்தி வந்துச்சு. கத்தரி அவங்களோடது. எனக்கும் கத்தரிக்கும் சம்பந்தமே இல்ல."

வேனின் அடியிலிருந்து கால்கள் துடித்தன. அண்ணன் சக்கரப் பலகையோடு உருண்டு வெளியே வந்தான். மூக்கில் கிரீஸ்.

"அடிப் பாவி! நம்ம பட்டறை பேரை நீயேவா கெடுத்த? நான் எலிப்பொறி வாங்கி அந்த ஆளு வீட்டுக்குக் குடுத்தனுப்பினேன்டி!"

"அது நல்ல பொறிங்க" என்றார் அக்கா. "எங்க வீட்டுல ஒரு எலிகூட இல்ல."

"அந்தப் பூனை?" அவள் அக்காவைக் கேட்டாள். "அதை ஏன் வெட்டாம விட்டீங்க?"

"எவ்வளவு நேர்த்தியான தையல்! அதுல கத்தரி வெச்சா தையல்காரிக்கு அடுக்குமா?"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி சிரித்தாள். அக்காவும் சிரித்தார். பானெட்டின் முன்னால் நின்ற இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் கையில் உரித்த மெத்தை தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் அவர் வெட்டவில்லை. ஒரு தடவைகூட வெட்டவில்லை. வண்டி பிய்ந்தது, அதனால் வந்தார். ஒட்டிக்கொடுத்தாள், அதனால் போனார். அவள் வளர்த்துக்கொண்ட ஆசையெல்லாம் ஒரு தையல்காரம்மாவின் கத்தரி வேலையில் வளர்த்தது. டாக்டர் முகத்திலும் அதே கணக்கு ஓடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார், முதல் நாள் வந்தபோது இருந்த மரியாதைக் குரலில். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

"நானும்தான்" என்றாள் அவள்.

"உங்களுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும்…"

"உங்களுக்கும்…"

இரண்டு வாக்கியமும் பாதியில் நின்றன. முடிக்கிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. அவள் திரும்பிக்கொண்டு மிச்சப் பசையைச் சுரண்டினாள். தகரத்தைத் துடைத்தாள். பெயிண்ட் அடித்தாள். அக்காவும் அண்ணியும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டேய், இப்பவாவது ஏதாவது கேளேன்டா" என்று அக்கா அடிக்குரலில் பல்லைக் கடித்தார்.

"போதும்கா. நீ சொன்னதும் வெட்டினதும் போதும்."

பெயிண்ட் காய்கிறவரை அண்ணன்கூட ஸ்பேனரை மெதுவாகத்தான் வைத்தான். காய்ந்ததும் அவள் பானெட்டை மூடினாள். வழக்கமாக 'தப்' என்று அடங்கும் சத்தம், இன்று பாத்திரம் விழுந்த மாதிரி 'டாண்' என்றது. டாக்டர் வண்டிக்குள் ஏறினார். அக்காவைப் பார்த்து, "வர்றியா?" என்றார்.

"நான் நடந்தே வர்றேன். உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு அவ்வளவு தூரம் உட்கார முடியாது."

என்ஜின் கிளம்பியது. மெத்தை இல்லாத பானெட் நடுங்கியது. பட்டறை முழுக்க அதிர்ந்தது. டாக்டர் அவள் பக்கம் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கியரைத் தேடினார்.

வண்டி வெளியே போனால் போனதுதான். இனிப் பிய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. என்ஜின் கெட்டால் அண்ணனிடம் போகும். சீட் இன்னும் பத்து வருஷம் தாங்கும், அதைத் தைத்ததும் அவள்தான். அவர் மறுபடி இந்தப் பின்பக்கத்துக்கு வர ஒரு காரணமும் மிச்சமில்லை. அவள் கையிலிருந்த ஒரே சாட்சியும் பொய்யாகப் போயிற்று. இப்போது கேட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதுதான். கேட்காவிட்டால்?

அவர் காது சிவந்தது யார் கத்தரியால்? ஆரஞ்சு வாசனை பாட்டிலை அக்காவா கொடுத்தனுப்பினார்?

பழைய வண்டிகளின் பானெட் கொக்கி மூக்குக்கு அடியில்தான் இருக்கும், வெளியிலிருந்தே திறந்துவிடலாம். வண்டி ஒரு அடி நகர்ந்திருக்கும். அவள் முன்னால் போய் நின்று, கையை விட்டுக் கொக்கியைத் தூக்கினாள். பானெட் எழுந்து வண்டியின் முன்கண்ணாடியை முழுசாக மறைத்தது. வண்டி திடுக்கிட்டு நின்றது.

"என்னடி பண்ற?" என்று அண்ணன் கத்தினான்.

"நீ வேன் வேலையப் பாரு!"

டாக்டர் பதறி இறங்கி முன்னால் ஓடிவந்தார். "என்ன ஆச்சு? என்ன சத்தம்? எதாவது உரசுதா?" என்று கேட்டுக்கொண்டே பானெட்டுக்குள் தலையை நீட்டினார். அவளும் அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். இப்போது அக்காவுக்கும் அண்ணிக்கும் இவர்களுடைய முதுகுதான் தெரியும். கீழே என்ஜின் கடகடத்துக்கொண்டிருந்தது, விசிறிக் காற்று இருவர் முகத்திலும் சூடாக அடித்தது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"என்ன? கேக்கல!"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லங்கிறேன்! நல்லா இருக்கு!"

"அப்ப எதுக்கு…"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. பின்வாங்க இன்னும் நேரம் இருந்தது. 'கொக்கி சரியா விழல, அதான்' என்று சொல்லி மூடிவிடலாம். அவள் பானெட் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என்ஜின் சத்தத்துக்கு மேலே, பட்டறையில் இருக்கிற எல்லாருக்கும், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டாலும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"யாரு வெட்டினா எனக்கென்ன டாக்டர்! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என்னைக் கல்யாணம் பண்ணிக்குங்க!"